தானி சொன்னதும் கஸ்தூரக்கா எழுதியதும்

எங்கள் கதக் ரோட்டுக் கானாவளி என்ற சாப்பாட்டுக் கடையில் விடிகாலை நாலரைக்கு அடுப்பு பற்றவைப்பது கஸ்தூரக்காதான். பத்து மணிக்குள் இருநூற்றைம்பது சோள ரொட்டி தட்டிச் சுட்டு அடுக்கிவிட்டுக் கை கழுவுவாள். ஹூப்ளி ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மதியச் சாப்பாடு எனக்கு அங்கேதான். ரொட்டி யார் தட்டியது என்று அப்போதெல்லாம் யோசித்ததில்லை. ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டு விவரம் எழுதியிருந்த கையெழுத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். அச்சுக் கோத்தது போலிருந்தது. "யார் எழுதினது?" என்று கேட்டேன். முதலாளி உள்ளே கை காட்டினார். மாவு படிந்த புடவையோடு சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள்.

அந்தக் கையெழுத்துதான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

பக்கத்துத் தெருவில் பார்வையில்லாத பெண்களுக்கான விடுதி ஒன்று இருக்கிறது. ஒரு மார்ச் மாதம் அதன் வார்டன் ஷைலஜா மேடம் கானாவளிக்குள் ஓட்டமும் நடையுமாக வந்தார். பரீட்சை தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லை. பார்வையில்லாத மாணவி விடையைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுத வேண்டியவள் வரவில்லை.

"இங்க யாருக்காவது கன்னடம் தப்பில்லாம எழுத வருமா? ஆனா ரொம்பப் படிச்சிருக்கக் கூடாது. பரீட்சை எழுதுற பொண்ணைவிட ஒரு கிளாஸாவது கம்மியா படிச்சவங்களா இருக்கணும். அதுதான் ரூல்."

"கம்மியா படிச்சவங்கதானே மேடம், இங்க ரொட்டி தட்டிக்கிட்டு இருக்கோம்" என்றாள் கஸ்தூரக்கா. எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. முதலாளி கரும்பலகையில் இருந்த எழுத்தைக் காட்டியதும், கஸ்தூரக்காவின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்.

கஸ்தூரக்கா பத்தாவதில் முதல் வகுப்பு. பி.யூ.சி. என்னும் பதினோராம் வகுப்பில் சேர்ந்த மூன்றாம் மாதம் பக்கீரப்பாவோடு கல்யாணம். பத்தாவதோடு நின்றுபோன அந்தப் படிப்பு, பி.யூ.சி. பெண்களுக்கு எழுதிக் கொடுக்கக் கச்சிதமாகப் பொருந்தியது. அன்று தொடங்கியது பன்னிரண்டு வருஷமாக ஓடுகிறது. மார்ச் வந்தால் காலையில் ரொட்டி, பகலில் பரீட்சை. நாலு மணி நேரம் பேனா பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியாது, மணிக்கட்டு அப்படி வலிக்கும். பருத்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பக்கீரப்பா வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே திட்டுவான்.

"ஊர்ப் பொண்ணுங்க எல்லாரும் உன் கையால பாஸ் ஆகிப் போறாளுங்க. நீ மட்டும் பத்தாங்கிளாஸ்லயே உக்காந்திருக்க."

"நான் பாஸ் ஆயிட்டா அவங்களுக்கு எழுத முடியாதுல்ல? ரூல் இருக்கே."

"நல்ல ரூலு போ."

அவளுக்கென்று இன்னொரு சட்டமும் இருந்தது. சொன்னதை மட்டும் எழுத வேண்டும். வருஷா வருஷம் அதே பாடங்களை எழுதி எழுதி அவளுக்கே எல்லாம் பாடமாகியிருந்தது. பக்கத்திலிருக்கும் பெண் தப்பாகச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். ஆனாலும் எழுதிவிடுவாள். ஒரு பெண் இரண்டு மார்க்கில் தோற்றுப்போனாள். அந்த இரண்டு மார்க்குக்கான விடை கஸ்தூரக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. அந்த வாரம் முழுக்க ரொட்டி தடிமனாகவே வந்தது என்று முதலாளி சொல்வார்.

தானேஸ்வரி வந்த பிறகுதான் அந்தச் சட்டம் ஆட்டம் கண்டது.

நவல்குந்து பக்கத்துக் கிராமம். பிறவியிலேயே பார்வை கிடையாது. விடுதியில் எல்லோருக்கும் அவள் தானி. வாய் அப்படி ஒரு வாய். முதல்நாள் கஸ்தூரக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுமே, "அடுப்புப் புகை வாசனை வருதே, ரொட்டிக்கார அக்காவா? ஹாஸ்டலுக்கு நீங்க கொடுத்தனுப்புற ரொட்டில போன வாரம் உப்பே இல்லை" என்றாள்.

"உப்பு போடறது நான் இல்லடி. மாவு பிசையறவ வேற."

"அப்ப நீங்க சொன்னபடி செய்யற ஆளு. நல்லது. எனக்கும் அதுதான் வேணும்."

அடுத்த வருஷம் இரண்டாம் பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. அதோடு விடுதி முடிகிறது. பதினெட்டு வயதாகி, படிப்பும் முடிந்த பெண்ணை அங்கே வைத்திருக்க வழியில்லை. பாஸானால் தார்வாடில் பி.ஏ. சேரலாம், அங்கே கல்லூரி விடுதி உண்டு. இல்லையென்றால் ஊருக்குத்தான். ஊருக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று கஸ்தூரக்காவுக்குத் தெரியும். ஒருத்தியைக் கோயில் ஜாத்திரையில் பார்த்திருக்கிறாள். விடுதியில் இருந்த காலத்தில் ஆர்மோனியம் வாசித்தவள். அண்ணி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக, தலையைக் குனிந்தபடி நடந்தாள். "என்னைத் தெரியுதா?" என்று கேட்டதற்கு அண்ணிதான் பதில் சொன்னாள்.

அரசியல் அறிவியல் பரீட்சை அன்று தானியின் அப்பா வந்திருந்தார். அதுதான் கடைசிப் பரீட்சை. பரீட்சைக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு தகரப்பெட்டி, பக்கத்தில் சுருட்டிய படுக்கை, அதன்மேல் அவர். விடுதி அறையைக் காலி பண்ணிவிட்டே வந்திருந்தார்.

"எழுந்திரிச்சு நில்லுங்கப்பா, பெட்டி மேல உக்காராதீங்க. உள்ள என் ரேடியோ இருக்கு" என்றாள் தானி.

"படுக்கை மேலதான்மா உக்காந்திருக்கேன்." பிறகு கஸ்தூரக்காவைத் தனியே கூப்பிட்டார். "தாயி, இவ பாஸாவாளா? பாஸானா அனுப்பறேன், இல்லேங்கல. ஆனா ஆகலைன்னா வீட்டோடயே இருக்கட்டும். மருமக பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கா. சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. இவ இப்படி அலைஞ்சு படறதைப் பாக்க எனக்குத் தெம்பில்லை."

நல்ல மனிதர். அதுதான் கஸ்தூரக்காவைக் கலக்கியது. கெட்டவராக இருந்திருந்தால் மனதுக்குள் திட்டிவிட்டுப் போயிருப்பாள்.

உள்ளே இவர்களுக்குத் தனி அறை. கஸ்தூரக்கா கேள்வியை வாசித்தாள். ராஜ்ய சபைக்குக் குடியரசுத் தலைவர் எத்தனை பேரை நியமிக்கிறார்?

"ரெண்டு" என்றாள் தானி.

பன்னிரண்டு. ஐந்து பெண்களுக்கு அதை எழுதியிருக்கிறாள். ஜன்னல் வழியே வேப்பமரம் தெரிந்தது. பெட்டி தெரிந்தது. அவள் கை பன்னிரண்டு என்று எழுதியது.

ஒன்று எழுதிய கைக்கு அடுத்தது சுலபமாகிவிட்டது. பண மசோதாவை ராஜ்ய சபை ஆறு மாதம் வைத்திருக்கலாம் என்றாள் தானி. பதினாலு நாள் என்று எழுதினாள். பத்து மார்க் கேள்வி ஒன்றில் தானி ஒரு விஷயத்தையே விட்டுவிட்டாள். அதைக் கஸ்தூரக்கா தானாகவே ஐந்து வரி எழுதிச் சேர்த்தாள். மேற்பார்வைக்கு இருந்த வாத்தியார் மின்விசிறிக்கு அடியில் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் தானி சொன்னாள்: "சுமாராத்தான் எழுதினேன். ஆனா பாஸ்."

"பாஸ்தான்" என்றாள் கஸ்தூரக்கா. வீட்டுக்குப் போய்ப் படுத்தவள், சாப்பிடக்கூட எழவில்லை. கை வலி என்று பக்கீரப்பா நினைத்துக்கொண்டான்.

தானி எல்லாப் பாடத்திலும் தேறினாள். அரசியல் அறிவியலில் ஐம்பத்தைந்து. தார்வாடில் இடம் கிடைத்தது. அப்பா சொன்ன சொல் மாறாமல் அனுப்பிவைத்தார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் தானிக்கு ஓர் ஆசை. விடைத்தாளின் நகல் கேட்டு எழுதினால் போர்டு அனுப்பிவைக்கும். தன் விடைத்தாளை ஒரு தடவையாவது வாசிக்கக் கேட்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். அத்தனை வருஷமும் அவள் வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. காகிதத்தில் அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். எழுதிப் போட்டு வரவழைத்து, பழைய விடுதிக்கு வந்து ஷைலஜா மேடத்தை வாசிக்கச் சொன்னாள். மேடமும் சந்தோஷமாக வாசித்தார். முதல் பக்கத்திலேயே, "பன்னிரண்டு பேர்" என்று வாசித்தார்.

"மறுபடியும் வாசிங்க மேடம்."

மறுபடியும் வாசித்தார். கடைசி வரை வாசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தானி, இதை வெளிய சொல்லிடாதம்மா. கஸ்தூரியை இனி எழுத விடமாட்டாங்க. உன் ரிசல்ட்டையும் நிறுத்திடுவாங்க" என்றார்.

மறுநாள் பதினோரு மணிக்குத் தானி கானாவளிக்கு வந்தாள். குச்சியைத் தட்டிக்கொண்டு நேராக அடுப்படிக்கே போனாள். நான் அன்று சீக்கிரம் சாப்பிட வந்திருந்தேன். நடுவில் ஒரு தட்டிதான் மறைப்பு, எல்லாம் காதில் விழுந்தது.

"கஸ்தூரக்கா, ஐம்பத்தஞ்சுல உங்களுது எவ்வளவு?"

உள்ளே பாத்திரங்களை அடுக்கும் சத்தம் கேட்டது.

"நான் கணக்குப் போட்டுட்டேன். ஏழு. மிச்சம் நாப்பத்தெட்டு என்னுது. நாப்பத்தெட்டுன்னாலும் பாஸ்தான். தெரியுமில்ல?"

"தெரியும்டி. அப்புறம்தான் தெரிஞ்சது. அப்ப பயமா இருந்துச்சு. உங்கப்பா பெட்டியோட..."

"எங்கப்பா பயப்பட்டாரு, சரி. அவரு பாடம் படிக்கலை. நான் ராத்திரி பகலா படிச்சதைப் பக்கத்துல இருந்து பாத்தவங்க நீங்க. நீங்களும் நான் தேறமாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்களே."

"உன் நல்லதுக்குத்தான்..."

"எல்லாரும் என் நல்லதுக்குத்தான் செய்யறாங்க. கையைப் பிடிக்கிறவன், கேக்காமயே ரோட்டைத் தாண்டிவிடறவன், எல்லாரும். எனக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதே இருக்காது." அவள் குரல் உடைந்தது. "பேப்பர் ஒண்ணுதான் என்னுதுன்னு நெனச்சேன். அதுலயும் எனக்கே தெரியாத பாயிண்ட் அஞ்சு வரி இருக்கு."

தானியின் குச்சி தரையில் இரண்டு தடவை தட்டியது.

"மத்தவளுங்களுக்கும் இப்படித்தான் எழுதினீங்களா?"

"இல்லை. உனக்கு மட்டும்தான்."

"ஏன், நான் மட்டும் என்ன, அவ்வளவு பாவமா?"

"பாவம் இல்லடி. உன் மேல ஆசை."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுத் தானி போய்விட்டாள். வாசல்படி இடறியது. பிடிக்கப் போன முதலாளியின் கையைத் தட்டிவிட்டாள்.

அன்று மாலை பக்கீரப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள் கஸ்தூரக்கா. அவன் திட்டுவான் என்று பார்த்தாள். அவனோ பீடியை அணைத்துவிட்டு, "மார்க்கெட்டுல நான் தூக்குற மூட்டையை வேற எவனாவது வந்து பாதி தூக்கினா எனக்கும் கோவம் வரும்" என்று மட்டும் சொன்னான்.

கார்த்திகை மாதம் தார்வாடிலிருந்து ஆள் வந்தது. முதல் செமஸ்டர். அங்கே எழுத யாரும் கிடைக்கவில்லை. பி.ஏ. மாணவிக்கு எழுதப் பட்டம் வாங்காதவர் வேண்டும். சுற்றியிருந்த பெண்கள் எல்லோருக்கும் அவர்களுடைய பரீட்சையே இருந்தது. தானி வேறு வழியில்லாமல்தான் சொல்லியனுப்பினாள், அதையும் மறைக்கவில்லை. "வேற ஆள் கிடைக்கலை. வாங்க. ஒவ்வொரு விடையையும் எழுதி முடிச்சதும் எனக்கு வாசிச்சுக் காட்டணும். கமா, புள்ளி உள்பட."

கஸ்தூரக்கா போனாள். நாலரைக்கு அடுப்பு, எட்டு மணிக்குப் பாதி வேலையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டுத் தார்வாட் பஸ். உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடுவாள். ஒருமுறை இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி ஓடிவந்திருக்கிறாள். தானி அவளோடு பரீட்சை தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. வந்தீர்களா, சாப்பிட்டீர்களா ஒன்றும் கிடையாது.

வரலாற்றுப் பரீட்சை. விஜயநகரத்தின் வீழ்ச்சி. தாளிக்கோட்டைப் போர் நடந்த வருஷம் ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தாறு என்றாள் தானி.

அறுபத்தைந்து. கஸ்தூரக்காவின் பேனா நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"ஏன் பேனா நிக்குது?"

"கை வலிக்குதும்மா."

தானி முகத்தை அவள் பக்கம் திருப்பினாள். "பொய். நான் தப்பாச் சொல்லியிருக்கேன். நீங்க நின்னாலே எனக்குத் தெரிஞ்சு போச்சு." நெற்றியைத் தேய்த்தாள். "இப்ப ஞாபகம் வருது. அறுபத்தஞ்சு. ஆனா நீங்க நின்னதுனாலதானே வந்துச்சு? ஐம்பத்தாறுன்னே எழுதுங்க."

"தெரிஞ்சப்புறம் எதுக்குடி தப்பா எழுதணும்?"

"எழுதுங்கக்கா."

எழுதினாள். அத்தனை வருஷத்தில் எழுதியதிலேயே அந்த நாலு இலக்கங்கள்தான் அவளுக்குக் கனமாக இருந்தனவாம். முணுமுணுப்பாக வாசித்துக் காட்டினாள். "சத்தமா" என்றாள் தானி.

அன்று பரீட்சை முடிந்து வெளியே வந்தபோதுதான், எத்தனையோ மாதத்துக்கு அப்புறம், "டீ குடிக்கலாமா?" என்று தானி கேட்டாள். டீக்கடை பெஞ்சில் கஸ்தூரக்கா உட்கார்ந்தவுடனே தூங்கிவிட்டாள். தானி எழுப்பவில்லை. பஸ் இரண்டு போனது. பிறகு அவளே கடைக்காரரிடம் மணி கேட்டு, தோளைத் தொட்டு எழுப்பி, "மூணாவது பஸ்சு வருது. இதையும் விட்டா பக்கீரண்ணன் என்னைத்தான் திட்டுவாரு" என்றாள்.

அதன்பிறகு கஸ்தூரக்கா பேனாவை நிறுத்தாமல் எழுதப் பழகினாள். சரியோ தப்போ ஒரே வேகம். அது எளிதில்லை என்று அவள் சொல்வாள். ரொட்டி தட்டும்போது கையும் மனசும் தன்போக்கில் ஓடும். இதில் இரண்டையும் அடக்க வேண்டும். இங்கிலீஷ் பரீட்சை இன்னும் மோசம். பி.யூ.சி.யில் இங்கிலீஷுக்கு மட்டும் எழுத வேறு ஆள் உண்டு, இங்கே இல்லை; பத்தாவதில் படித்தது மறந்துபோய் அவளுக்கு எழுத்துகள்தான் தெரியும், பாடத்து வார்த்தைகள் தெரியாது. தானி ஒவ்வொரு வார்த்தையையும் எழுத்து எழுத்தாகச் சொல்ல, இவள் எழுத, நேரம் போய்விட்டது. பாதிக் கேள்விக்குக்கூட விடையில்லை. தானி இங்கிலீஷில் தோற்றாள். ஐந்து மார்க்கில்.

தானியின் அப்பா தார்வாடுக்கே வந்துவிட்டார். இந்த முறை பெட்டி தூக்க ஆளோடு. விடுதி வாசலில் கஸ்தூரக்காவும் இருந்தாள். தானிதான் வரச் சொல்லியிருந்தாள்.

"தாயி, நீங்களாவது சொல்லுங்க. தோத்துட்டா. போதும். கூட்டிட்டுப் போறேன்."

கஸ்தூரக்காவுக்கு வாய்வரை வந்தது. அவளுக்காகப் பேச, கெஞ்ச, இன்னொரு வாய்ப்பு கொடுங்கள் என்று சொல்ல. தானி பக்கம் திரும்பினாள். "நான் பேசட்டுமாடி, நீ பேசறியா?"

"நான் பேசறேன். நீங்க போகாதீங்க, இங்கயே இருங்க."

தானி பேசினாள். நன்றாகப் பேசினாள் என்று சொல்ல முடியாது. அழுதாள், கத்தினாள். ஒரு கட்டத்தில் அப்பாவை "நீங்க கிழவன் மாதிரி பேசறீங்க" என்றாள். அவர் கிழவர்தான். "தோத்தது நான். மறுபடி எழுதப் போறதும் நான். உங்க பையன் எஸ்.எஸ்.எல்.சி. மூணு தடவை எழுதினானே, அவனை வீட்டோட வெச்சுக்கிட்டீங்களா? பைக் வாங்கிக் கொடுத்தீங்க!" என்றாள். பெட்டி தூக்க வந்தவன் சிரித்துவிட்டான். பெரியவர் வெகுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியில்லாமல் ஊர் திரும்பினார். பஸ் ஏறும்போது கஸ்தூரக்காவிடம், "நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே தாயி" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"அவ என்னைக் கேக்கலையே அண்ணா" என்றாள் அவள்.

இரண்டாம் வருஷம் பேசும் கம்ப்யூட்டரில் தட்டச்சுக் கற்றுக்கொண்டாள் தானி. அதில்தான் பரீட்சை எழுதுவேன் என்று கல்லூரிக்கு மனு மேல் மனு போட்டாள். எட்டு மனு. அனுமதி மூன்றாம் வருஷம்தான் வந்தது. அதுவரை கஸ்தூரக்கா தார்வாட் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். இங்கிலீஷை மூன்றாம் தடவையில் தேறினாள் தானி. பட்டம் முடிக்க நாலு வருஷம் ஆனது. இப்போது ஹாவேரியில் ஓர் அலுவலகத்தில் வேலை. இன்னொரு பெண்ணோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

கஸ்தூரக்காவுக்கு மணிக்கட்டில் ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. ரொட்டியை நூறாகக் குறைத்துக்கொண்டாள். எழுதப் போவதை மட்டும் இன்னும் விடவில்லை. இந்த மார்ச்சில் வரமாட்டேன் என்று ஷைலஜா மேடத்திடம் தீர்மானமாகச் சொன்னாள். மேடம் ஒன்றும் வற்புறுத்தவில்லை, வாசலில் நின்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். மறுநாள் இவளே போய் நின்றாள்.

போன வாரம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, தானி பேசுகிறாளா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. சண்டைதான். போன வாரம் அரை மணி நேரம். ஆபீஸ்ல ஒரு பையனாம், கட்டிக்கப் போறாளாம். அவளைவிட ரெண்டு வயசு சின்னவன் சார்! மே மாசமாம். அவங்கப்பாகூட சரின்னுட்டாராம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குப் பிடிக்கலை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். 'அக்கா, நான் யோசனை கேக்கலை, தேதி சொல்றேன்'ங்கறா."

வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துவிட்டபடி, தண்ணீர்ப் பானைமேல் சாய்ந்துகொண்டாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஹாவேரிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டேன்."